பிளஸ் ஒன் மாணவர் தியான முகாம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோட்டாறு மறைமாவட்டப் பகுதியில் உள்ள மூன்று கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ, மாணவியருக்காக, வரும் காலாண்டு விடுமுறையில் இரண்டு இரவுகள் தங்கும் தியான முகாம் ஒன்றை நடத்துவதென, பெற்றோரும் முன்னாள் மாணவரும் பங்குப் பேரவையினரும் சேர்ந்த எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அதற்கு உங்கள் உதவியை நாடி இம்மடலை எழுதுகிறோம்.

ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடக்கிறதே, முகாம் எதற்கு என்று சிலர் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் ஞாயிறு காலையையும் டியூஷனும் நீட் பயிற்சியும் எடுத்துக்கொள்கின்றன. தவறாமல் வருகிற சிலரும், உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனத்துக்காக மனப்பாடம் செய்த விடைகளை வைத்துக்கொண்டு, பதினாறு வயதின் கேள்விகளுக்கு முன்னால் திகைத்து நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு பங்கு மண்டபத்தில் நடத்திய ஒருநாள் முகாமில், பெயர் எழுதாமல் கேள்வி போடுவதற்காக ஒரு செருப்புப் பெட்டியின் மூடியில் துளையிட்டு வைத்திருந்தோம். மாலையில் திறந்து பார்த்தபோது, விவிலியம் பற்றிய சீட்டுகள் ஐந்தாறுதான் இருந்தன. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில், “நாலு வருசமா செபமாலை சொல்றேன், அப்பா குடிய விடல. கடவுள் கேக்காரா?” என்று எழுதியிருந்தது. மார்க் குறைந்தால் வீட்டில் எப்படி முகம் காட்டுவது என்று கேட்ட சீட்டுகள் அதைவிட அதிகம். பதில் சொல்லத் தொடங்கும்போது மணி ஐந்தரை ஆகிவிட்டது. இருட்டுமுன் மாணவியரைப் பேருந்தில் ஏற்றியாக வேண்டும் என்பதால் பெட்டியை மூடிவிட்டோம். அது எங்கள் திட்டமிடலின் குறை. இம்முறை தங்கும் முகாமாக நடத்த விரும்புவது அதனால்தான்.

மூன்றாம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலைக்கு அவர்களை அழைத்துச் செல்கிறோம். 1752 ஜனவரி 14 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், குருவோ துறவியோ அல்லர், இல்லறத்தார். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளரான நீலகண்ட பிள்ளையாக அவர் இருந்த காலத்தில், அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்த தளபதி டிலனாய் அவருக்கு, விவிலியத்தில் காரணமின்றித் துன்புற்ற யோபுவின் கதையைச் சொன்னதும், அந்தப் பேச்சு வளர்ந்து 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு வரை சென்றதும் நம் பிள்ளைகள் பலமுறை கேட்ட வரலாறே. அந்த வரலாறு, செருப்புப் பெட்டியில் கிடந்த அதே கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதை நாம்தான் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

நம் பள்ளிகளில் பயிலும் பிற சமய மாணவர்கள் விரும்பினால், பெற்றோரின் எழுத்துவழி இசைவுடன், ஆளுமை வளர்ச்சி அமர்வுகளில் மட்டும் கலந்துகொள்ளலாம். திருப்பலியும் ஒப்புரவு அருட்சாதனமும் (பாவ அறிக்கை) தனியே நடைபெறும்.

இனி, பணக் கணக்கு. தியான இல்லத்தில் தங்குவதற்கும் உணவுக்கும் ஒருவருக்கு 1,100 ரூபாய் வீதம் 90 பேருக்கு 99,000 ரூபாயும், பேருந்துகளுக்கு 18,000 ரூபாயும், உடனிருந்து தனித்தனியே பேசப்போகும் இரு உளவியல் ஆலோசகர்களுக்கு 15,000 ரூபாயும் ஆக, மொத்தம் 1,32,000 ரூபாய் தேவை. மாணவர்கள் ஆளுக்கு 200 ரூபாய் கட்டுகிறார்கள். அதற்கு மேல் கேட்டால் சில வீடுகளில் பிள்ளையை அனுப்பவே மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மாணவர்கள் கட்டும் அந்த 18,000 ரூபாயும், முன்னாள் மாணவர்கள் ஏற்கெனவே தந்துள்ள 34,000 ரூபாயும் போக, இன்னும் 80,000 ரூபாய் வேண்டும். ஆலோசகர்களுக்கான தொகையைக் குறைக்கலாமே என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் நிற்பதைவிடத் திறக்காமல் இருப்பதே மேல்.

ஒரு மாணவர் தங்குவதற்கும் உணவுக்கும் ஆகும் செலவை ஏற்பவர்கள், அவர் கட்டும் 200 ரூபாய் போக, 900 ரூபாய் தந்தால் போதும். நன்கொடையைச் செப்டம்பர் 10-க்குள் பள்ளி அலுவலகத்திலோ பங்கு அலுவலகத்திலோ செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். முகாம் முடிந்த இரண்டாம் ஞாயிறன்று, வரவு செலவு முழுவதும் திருப்பலிக்குப் பின் வாசிக்கப்பட்டு, பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். அரிசி, தேங்காய், மீன் எனப் பொருளாகத் தர விரும்புவோர் முன்கூட்டியே சொன்னால், உணவுச் செலவில் அதைக் கழித்துக்கொள்வோம். மீன் மட்டும் அன்று காலையில் கரைக்கு வந்ததாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
தியான முகாம் குழுவினர்