ஏன் பைபாஸ் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் இதய அடைப்புக்கு ஏன் பைபாஸ் என்று போனில் நீ கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். பக்கத்திலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள். "ஸ்டென்ட் வைத்தால் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமே, எதற்கு நெஞ்சைத் திறக்கணும்?" என்றாய். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழல். டாக்டரிடம் நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

இதயக் குழாய்களில் சாயம் செலுத்தி எடுத்த ஆஞ்சியோகிராம் படத்தை ஓடவிட்டுக் காட்டினார். சாயம் கறுப்பாகப் பரவுகிறது. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில், அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கறுப்புக் கோடு நூலாக இளைத்துப்போகிறது. மற்ற இரண்டு குழாய்களிலும் அடைப்பு. அதுவும் ஓரிடத்தில் இல்லை, நீளத்துக்கும். மூன்று குழாய், பல வருஷச் சர்க்கரை, இதயம் பம்ப் செய்யும் திறன் 40 சதவீதம். இவை சேர்ந்து வந்தால் பைபாஸ்தான் நல்லது என்றார். இடப்பக்க மூலக்குழாயிலேயே பெரிய அடைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தானாம். எனக்கு அங்கே இல்லை.

ஸ்டென்ட், வைத்த இடத்தைத்தான் திறக்கும். பைபாஸில் புதுக்குழாயை அடைப்புகளைத் தாண்டிக் கீழே இணைக்கிறார்கள். நாளைக்கு மேலே இன்னொன்று அடைத்தாலும் ரத்தம் போய்ச் சேரும். சர்க்கரைக்காரனுக்கு அடைப்பு ஒன்றோடு நிற்பதில்லையே! 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் என்னைப் போலச் சர்க்கரையும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேர். ஐந்து வருஷத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள். பைபாஸ் செய்தவர்களில் 10.9. ஆனால் பக்கவாதம் பைபாஸில்தான் கூடுதல்: 5.2 சதவீதம், ஸ்டென்ட்டில் 2.4. இதை மட்டும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் உளறிவிடாதே, சர்ஜன் முன்னால் நானே சொல்கிறேன்.

அடைப்பு என்றாலே ஆபரேஷன் என்றில்லை. கீழ்வீட்டு மாமாவுக்கு ஒரே குழாயில் அடைப்பு, படி ஏறினால் நெஞ்சில் லேசாக வலி. மாத்திரையோடு விட்டிருக்கிறார்கள், சரிதான். 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு அவரைப் போல வலி ஒரே நிலையில் இருப்பவர்களைப் பற்றியது. எடுத்த எடுப்பில் ஸ்டென்ட், பைபாஸ் என்று போனதால் மரணம் குறையவில்லை, வலிதான் குறைந்தது. மாரடைப்பு வந்தே விட்டால் கதை வேறு, அப்போது பெரும்பாலும் உடனே ஸ்டென்ட்தான். உன் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பும் இஞ்சி பூண்டு எலுமிச்சைச் சாறு எந்த அடைப்பையும் கரைக்காது. அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

பணத்துக்குக் கவலைப்படாதே. இங்கே சிங்கப்பூரில் மானியம் உள்ள பி2 வார்டுதான்; மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இரண்டும் இருக்கின்றன.

அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கிறோம், வீடியோவில் நீயும் சேர்ந்துகொள். நெஞ்சின் உள்பக்கத்தில் ஓடும் இடது தமனியை எடுத்து முன்குழாயில் இணைப்பார்களாம். பத்து வருஷம் கழித்தும் பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் குழாய் அத்தனை காலம் தாங்காது. வலது தமனியையும் எடுக்கலாமா, சர்க்கரையால் நெஞ்செலும்பு ஆறாமல் போகுமா என்று நீ கேள். நான் கேட்டால் அம்மா பயந்துவிடுவாள்.

டிக்கெட்டை ஆபரேஷன் நாளுக்குப் போடாதே, ஐசியுவில் நான் மயக்கத்தில்தான் கிடப்பேன். நான் வீடு திரும்பும் வாரத்துக்குப் போடு. இரண்டு மூன்று மாசம் கனம் தூக்கக் கூடாதாம். தேக்கா மார்க்கெட்டிலிருந்து பை தூக்கிவர அம்மாவுக்கு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அப்பா