மேடையில் சொல்ல விட்டுப்போன நன்றி

மலேசியா, சுங்கை சிப்புட் ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பேராசிரியர் ஆனதற்குப் பாராட்டு விழா எடுத்தீர்கள். பொன்னாடை, மாலை, கொட்டை எழுத்தில் பேனர், எல்லாம் ஆயிற்று. என்னைப் பேச அழைத்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. பின்வரிசையில் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள், பிரியாணி வேறு ஆறிக்கொண்டிருந்தது. "அனைவருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பொத்தாம் பொதுவாகச் சொன்ன அந்த நன்றி எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அன்று பேசிய பலர், பால்மரக் காட்டிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டத்திலிருந்து, லண்டன் வரை போனவள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அனைத்துலக உறவுகள் என்ற பாடத்தில் நான் இத்தனை வருடமாக எழுதியதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காட்டைப் பற்றித்தான். முனைவர் பட்ட ஆய்வே ரப்பர் விலையைப் பற்றியது. ஆகவே இங்கே நன்றி சொல்வது சோறு போட்டதற்கும் பள்ளிக்கு அனுப்பியதற்கும் மட்டும் இல்லை. என் படிப்புக்கான பாடத்தையே கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி எங்கள் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஐயாவுக்கு. அம்மா பால் வாளியோடு ஸ்டோர் வரிசையில் நிற்கும்போது பள்ளி இல்லாத நாளில் நானும் கூட நிற்பேன். ஐயா பாலில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் கலந்து, அதில் பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிடுவார். அது ஆடி அடங்கி நின்ற இடத்து எண்ணைப் பார்த்து, தலை நிமிராமல் பேரேட்டில் எழுதுவார். எடை எவ்வளவு இருந்தாலும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான் கணக்கு. ஒருநாள், "இந்த எண்ணை யார் வைக்கிறது? துரையா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஐயா சிரித்துக்கொண்டே, "பாலு எவ்வளவு கெட்டின்னு மரம் சொல்லுது. விலை என்னான்னு துரையும் சொல்றதில்ல, துரைக்கே அது வேற எங்கிருந்தோ வருது" என்றார். அப்புறம் தினமும் தமிழ் நேசன் நாளிதழில் ரப்பர் விலை போட்டிருக்கும் கட்டத்தைக் காட்டி என்னை வாசிக்கச் சொல்வார். நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, ஏன் இறங்கியது? ஏன் என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. என்னிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்த 'வேற எங்கிருந்தோ' எது என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான் தெரிந்தது. 1979 அக்டோபரில் ஜெனீவாவில், ரப்பர் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தத்தை முடித்திருந்தன. அதை நடத்திய அமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரில், எனக்குப் பக்கத்திலேயே இருந்தது! ஒப்பந்தத்தில் அடிப்படையாக வைத்த குறிப்பு விலையைவிடச் சந்தை விலை 15 விழுக்காடு இறங்கினால் அந்த அமைப்பு ரப்பர் வாங்கலாம்; 20 விழுக்காடு இறங்கினால் வாங்கியே ஆகவேண்டும். விலை ஏறினால் இதே கணக்கில் விற்கவேண்டும். கையிருப்புக்கு வரம்பு 550,000 டன். எங்கள் அம்மாவின் சம்பளத்துக்கும் ஜெனீவாவில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நடுவில் இவ்வளவு நேர்க்கோடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. விடுமுறைக்கு வந்தபோது ஐயாவிடம் சொன்னேன். "அப்ப ஏன் 85ல விலை படுத்துச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் அந்தக் கேள்விதான்.

அடுத்து, 1997இல் எனக்காகப் பணம் திரட்டியவர்களுக்கு. அந்த ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது, பின்னாலேயே ரிங்கிட்டும் சரிந்தது. டாலருக்கு 2.50 அளவில் இருந்தது ஆறே மாதத்தில் நாலரையைத் தாண்டிப்போனது. உபகாரச் சம்பளம் ரிங்கிட்டில், லண்டனில் என் வாடகை பவுண்டில். படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வீட்டுக்கு எழுதினேன். அம்மா அந்தக் கடிதத்தைக் கோயில் கமிட்டியில் காட்டியிருக்கிறார். யார் யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. டவுன் ஒட்டுக்கடை அண்ணன் ஒருவர் ஒரு வார வியாபாரத்தைக் கொடுத்தாராம். அதுகூட அவர் மகள் வாய்தவறிச் சொன்னது. சரி, பெயர் தெரியாவிட்டாலும் நன்றி சேர வேண்டியவர்களுக்குச் சேரட்டும்.

அதே ரிங்கிட் சரிவுதான் நான் ஆராய்ந்த ஒப்பந்தத்தையும் சாய்த்தது. குறிப்பு விலையை மலேசிய, சிங்கப்பூர்க் காசுகளில் வைத்திருந்தார்கள். காசு மதிப்பிழந்ததும் டாலரில் ரப்பர் படுத்துக்கிடந்தது, காகிதத்தில் மட்டும் விலை நிற்பதுபோல் தெரிந்தது. அமைப்பு வாங்க வரவில்லை. நம் நாடும் தாய்லாந்தும் மனம் வெறுத்து விலகின. 1999இல் அமைப்பே கலைந்தது. ஆய்வேட்டை முடிக்கும் முன்பே ஆய்வுப் பொருள் செத்துப்போனது. "இனி இறந்தகாலத்தில் எழுது, சுலபம்" என்றார் என் நெறியாளர். அவருக்கும் நன்றி, அந்த நகைச்சுவைக்கு இல்லாவிட்டாலும் மற்றதற்கெல்லாம்.

நம் ஊர்ப் பாட்டிமார்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லவேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது என்று உலகம் முழுவதும் பாடம் நடத்துகிறார்கள். அது 1960 ஜூலை வரை நீடித்தது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சுங்கை சிப்புட் என்ற பெயரைக் கோப்புக்குக் கோப்பு பார்த்தேன். படைகள், உத்தரவுகள், வரைபடங்கள். லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) சுற்றி முள்வேலி போட்டபின் பெண்கள் எப்படி மரம் வெட்டப் (பட்டையைச் சீவிப் பால் எடுக்கப்) போனார்கள் என்பதை நான் அந்தக் கோப்புகளில் பார்க்கவில்லை. அதைச் சொன்னது பாட்டிமார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வாசலில் சோதனை. பசியாறாமல் தங்கள் நிரை (மரவரிசை) முழுக்க வெட்டிவிட்டு வெயில் ஏறியபின் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி, இடுப்புத் துணியை உதறிக்காட்டச் சொன்ன சிப்பாயைப் பற்றிச் சொல்லும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மிச்சத்தைச் சொன்னார். பனிப்போரைப் பற்றிய என் வகுப்பு இன்றும் அந்த வாசல் சோதனையில்தான் தொடங்குகிறது. மாணவர்கள் வாஷிங்டன், மாஸ்கோ என்று எதிர்பார்த்து வருவார்கள், பாவம்.

மகாத்மா காந்தி கலாசாலையின் பழைய ஆசிரியர்களுக்கும் நன்றி. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முயற்சியில் எழுந்த அந்தப் பள்ளியை 1954இல் திறந்துவைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். முந்தைய ஆண்டுதான் ஐ.நா. பொதுச்சபைக்கு முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். இதை எங்கள் ஆசிரியர் சொல்லித்தான் ஐ.நா. என்ற பெயரையே கேள்விப்பட்டேன். நம் ஊருக்கு வந்துபோன ஒரு அம்மா வேலை செய்த இடம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பும் இல்லையே! இடைநிலைப் பள்ளியில் ஒருவர், தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பிலிருந்து வந்த பெண்ணுக்குத் தட்டச்சுப் பயிற்சி போதும் என்றார். அவரைப் பற்றி இதற்குமேல் வேண்டாம்.

ஈப்போ துன் ரசாக் நூலகத்தில் பழைய நாளிதழ்களை எனக்காக எடுத்துவைத்தவர்கள், கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவருகிறேன் என்று தெரிந்து நிறுத்திவைத்த ஓட்டுநர், அம்மா மருத்துவமனையில் இருந்தபோது மாறி மாறிக் கஞ்சி கொண்டுபோன பக்கத்து வீட்டு அக்காமார்கள், உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது.

இப்போது மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நானும் செம்பனைக்கு மாறிவிட்டேன். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் (பாமாயில்) இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதற்குச் சில மாதம் முன்பு அப்போதைய நம் பிரதமர் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீரைப் பற்றிப் பேசியிருந்தார். அந்த வாரம் எனக்கு முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது எந்தப் பத்திரிகையாளரும் இல்லை. குலை ஏற்றும் நம் ஊர் லாரித் தம்பி. "அக்கா, எங்க விலைக்கு என்னாகும்?" கிராணி ஐயா இருந்தால் இவனையும் கட்டத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் சொன்ன ஆலை விலைகளைக் குறித்துக்கொண்டேன். இப்போதும் மாதாமாதம் அனுப்புகிறான். நன்றி தம்பி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய சம்பளச் சீட்டு, பெரட்டுப் புத்தகம் (வருகைப் பதிவேடு), அவசரகாலத்தில் கொடுத்த அடையாள அட்டை என்று எது வீட்டில் கிடந்தாலும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் ஊருக்கு வருகிறேன். வீட்டுக்கே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன், காகிதம் உங்களிடமே இருக்கட்டும். அம்மாவிடம் சொல்லிவைத்தால் போதும், எந்த வீடு என்று குறித்து வைத்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை