ஜாடிகளை அகற்றிவிடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி எங்கள் வீட்டையும் குளிர வைத்தது. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் மறுபடி தனித்தனியாகத் தெரிகின்றன. நம் தொழிலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் நோயியல் துறையின் அருங்காட்சியகத்தில், நோயுற்ற உறுப்புகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஸ்பெசிமன் ஜாடிகளை எடுத்துவிட்டு, இனி கணினித் திரையில் மெல்லிய திசுச் சீவல்களின் ஸ்லைடுகளை மட்டும் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "கடைசியில் நுண்ணோக்கியில் பார்க்கத்தானே போகிறோம்" என்று மாணவர்கள் கேட்கிறார்களாம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலில் எந்த மூலையிலிருந்து துண்டு எடுப்பது என்று முடிவு செய்வது எது? வெறும் கண்தானே! அது இடம் தவறினால், எவ்வளவு உயர்ந்த நுண்ணோக்கியும் நோயில்லாத திசுவைத்தான் காட்டும்.

சிறுகுடலின் கடைப்பகுதியை எடுத்துக்கொள். நீளமாகத் திறந்து, கழுவி, விரித்து வைத்தால் டைபாய்டுப் புண் குடலின் நீளவாக்கிலேயே கிடக்கும். காசநோய்ப் புண் குறுக்கே ஓடும். சில நேரம் குடலைச் சுற்றி வளைத்துவிடும். முன்னது, குடல் சுவரில் நிணநீர்த் திசு திரண்டிருக்கும் பேயர் திட்டுகளின் மேல் உண்டாவது. அந்தத் திட்டுகள் நீளவாக்கில் அமைந்தவை. பின்னது குடலைச் சுற்றிச் செல்லும் நிணநீர்க் குழாய்களின் வழியே பரவுவது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிட்ட மாணவனுக்கு, காசநோய்ப் புண் ஆறித் தழும்பாகும்போது குடல் சுருங்கி அடைபடுவது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. ஸ்லைடில் புண்ணின் ஓரம் தெரியும். அது எந்தத் திசையில் படுத்திருந்தது என்பது தெரியாது.

நுரையீரல் தமனியில் இருக்கும் ரத்தக்கட்டியும் அப்படித்தான். இறந்த பின் உறைந்தது ஈரமாக, பளபளப்பாக, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கும்போது வந்து அடைத்தது உலர்ந்து, எளிதில் நொறுங்கும்; வெட்டினால் உள்ளே வெளிர், கருஞ்சிவப்பு வரிகள் மாறி மாறித் தெரியும். மரணத்தின் காரணத்தையே அந்த வேறுபாடு தீர்மானித்துவிடும்.

இதயம் பலவீனப்பட்டு ரத்தம் தேங்கிய கல்லீரலை வெட்டினால், ஜாதிக்காயைக் குறுக்கே அறுத்தது போலச் சிவப்பும் வெளிர் மஞ்சளும் கலந்த புள்ளிக்கோலம் தெரியும். கோளாறு இதயத்தில், அதன் கணக்கு கல்லீரலில் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியின் அறிகுறிகளை இப்படி உறுப்புகளில் தேட வேண்டும் என்று 1761-இல் இத்தாலிய உடற்கூறியலாளர் மோர்கானி சுமார் 700 பிரேதப் பரிசோதனைகளை எடுத்துக்காட்டி எழுதியபோது அவருக்கு வயது 79. பெரும்பாலும் கண்ணையும் கத்தியையும் நம்பியே அவர் அந்த வேலையைச் செய்து முடித்தார்.

கண்ணுக்கும் எல்லை உண்டு, மறுக்கவில்லை. மாரடைப்பு வந்து சில மணி நேரத்துக்குள் இறந்தவரின் இதயத் தசை பார்வைக்கு ஒரு மாற்றமும் காட்டாது. மாரடைப்புக்கும் இறப்புக்கும் இடையே மூன்று மணி நேரம் கடந்திருந்தால், டெட்ரசோலியம் என்ற சாயக் கரைசலில் அந்தத் துண்டை நனைக்கும்போது உயிருள்ள தசை செங்கல் சிவப்பாகும்; செத்த பகுதி வெளுத்தே நிற்கும். அந்த நிறமாற்றத்தை மாணவர்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்கட்டும்.

ஜாடிகளில் நிறம் மங்கிவிட்டது என்பது உங்கள் துறையின் வாதம். உறுப்பைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் நிறத்தைத் தின்றுவிடும், உண்மைதான். ஆனால் வடிவமும் வெட்டுமுகமும் அப்படியே இருக்கின்றன. இனிச் சேர்ப்பவற்றையாவது கைசர்லிங் முறையில் பதப்படுத்தினால் நிறம் பெரும்பாலும் நிற்கும். செலவும் உழைப்பும் கூடும். ஆனாலும் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த துறைக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாவிட்டால், டைபாய்டுக் குடலையும் காசநோய்க் குடலையும் மட்டுமாவது அருகருகே வைத்துக்கொள்ளக் கேள். என்ன முடிவானது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்