பேசாத பிள்ளையை ஐந்து வயது வரை வைத்துக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாய் திறந்தான், வசம்பை உரசி நாக்கில் தடவு, ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், இப்படி. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைக்கு ஐந்து வயதாகி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் ஆட்டிசம், அதாவது பேசுவதிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் சிரமம் தருகிற வளர்ச்சிக் குறைபாடு, என்று தெரியவருகிறது.

பேச்சை மட்டும் பார்த்தால் போதாது. என் தங்கை மகனையே சொல்கிறேன். பிஸ்கட் வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்ட மாட்டான், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அலமாரிக் கதவில் வைப்பான், முகத்தை நிமிர்ந்தும் பார்க்க மாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அடுத்த அறையில் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். காது நன்றாகக் கேட்கிறது, அப்புறம் என்ன கவலை என்றார்கள். கேட்கிற காது பேருக்கு மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதுதானே கவலை! (அப்படியே ஆனாலும் முதலில் காது பரிசோதனை செய்துவிட வேண்டும், அதை விடக்கூடாது.) ஒன்றரை வயதுக்குள் பிள்ளை விரல் நீட்டிக் காட்டவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயின என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பழி மட்டும் தாய் மேல் விழுகிறது. செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டாளாம். சின்னப் பிள்ளைக்குப் போன் நல்லதில்லை, சரி, ஆனால் ஆட்டிசம் அதனால் வருவதில்லை. தடுப்பூசியாலும் இல்லை. அப்படிக் கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது, வாட்ஸ்அப்பில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்டெம்செல் ஊசி போட்டால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களையும் நம்பாதீர்கள்.

அரசிலேயே வழி இருக்கிறது. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு, அதாவது சின்ன வயதிலேயே பிள்ளையைப் பரிசோதித்துப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு, அனுப்புவார்கள், காசு கிடையாது. பயிற்சி தொடங்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கே சொல்லிக்கொடுப்பதை வீட்டிலும் செய்யலாம். குளிக்க வைக்கும்போது கை, கால், தண்ணீர் என்று பேசிக்கொண்டே ஊற்றுவது, கேட்குமுன் எடுத்துக் கொடுக்காமல் அவன் ஒரு பார்வையாவது பார்க்கட்டும் என்று கொஞ்சம் பொறுப்பது, இப்படிச் சின்னச் சின்ன வேலைதான், ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டும்.

சிக்கல் தூரம்தான். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் கடைமடைக் கிராமத்திலிருந்து நடவுக்குப் போகிற பெண், ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுவாளா? இரண்டு தடவை போவாள், அப்புறம் நின்றுவிடுவாள். வாரத்தில் இரண்டு நாளாவது தாலுகா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர் உட்கார வேண்டும், அதுவும் நடவு, அறுவடை நேரத்தில் சனிக்கிழமையாக இருந்தால் நல்லது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்பதை மாதம் ஒருமுறையாவது அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.