கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் முதல் குடும்பம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து நிம்மதியடைந்தேன். நாங்களும் நலமே. இங்குள்ள மலைநாட்டு மக்களைப் பற்றி எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். ஆலிவர் என்னும் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் வரலாற்றில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனின் படையில் போரிட்டுத் திரும்பிய ஜான் ஆலிவர், தம் மனைவி லூக்ரீஷாவுடன் 1818ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இங்கு வந்தார். அழைத்து வந்தவர் ஜோஷுவா ஜோப் என்பவர். அப்போது அந்த நிலம் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுடையது. அவர்கள் அதை விட்டுக்கொடுத்த உடன்படிக்கை 1819இல்தான் கையெழுத்தாயிற்று. எனவே சட்டப்படி பார்த்தால் ஆலிவர் தம்பதியர் அத்துமீறி நுழைந்தவர்களே. விதைக்கும் பருவம் கடந்து வந்ததால் முதல் குளிர்காலத்தில் அவர்கள் பட்டினியின் விளிம்புக்கே போனார்கள் என்றும், செரோக்கிகள் கொடுத்த பூசணி வற்றல்தான் உயிரைக் காப்பாற்றியது என்றும் அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் ஜோப் கறவை மாடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். முன்னோடிகளின் துணிவைப் புகழ்கிறவர்கள் அந்த வற்றலை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுவே இக்கதையின் மையமாகத் தோன்றுகிறது, ஏனெனில் 1838இல் செரோக்கிகளில் மிகப் பெரும்பாலோரை அரசு படைகொண்டு மேற்கே விரட்டியது.

ஆலிவர்களைப் பின்தொடர்ந்து பலர் வந்தனர். 1827இல் பாப்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சபை நிறுவப்பட்டது. அதில் அக்குடும்பத்தின் கை ஓங்கியிருந்தது. 1850இல் 685 பேர் வாழ்ந்த பள்ளத்தாக்கில், மண் வளம் குன்றியதாலும் மேற்கே புதிய நிலங்கள் திறந்ததாலும், 1860இல் எஞ்சியவர்கள் 269 பேர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாநிலம் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் சாய, இங்கிருந்தோரில் பெரும்பாலோர் நாடு பிரியக் கூடாது என்ற ஒன்றிய அரசின் பக்கமே நின்றனர். அதனால் வட கரோலினாவிலிருந்து வந்த கொள்ளைக் கும்பல்கள் தானியத்தையும் கால்நடைகளையும் வாரிச் சென்றன, தேவாலயமும் மூடிக் கிடந்தது. ஜான் 1863இல், போர் முடியுமுன்பே இறந்தார். லூக்ரீஷா 1888 வரை வாழ்ந்தார்.

ஆனால் குடும்பத்தின் பெரிய போராட்டம் அரசோடுதான் நடந்தது. இப்பகுதியில் தேசியப் பூங்கா அமைக்கும் முயற்சி தொடங்கியபோது வீடுகளைத் தொடமாட்டோம் என்ற அதிகாரத்தினர், பிறகு நிலங்களைக் கட்டாயமாகக் கையகப்படுத்தச் சட்டம் செய்துகொண்டார்கள். ஜானின் கொள்ளுப்பேரனும் கிராமத் தபால்காரருமான ஜான் டபிள்யூ. ஆலிவர் மாநில உச்ச நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்று, 1937ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று நிலத்தை விட்டு வெளியேறினார். செரோக்கிகளுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் மறக்கவில்லை. அவருக்காவது வழக்காடவும் விலை பெறவும் வழி இருந்தது.

பிறகு நடந்ததுதான் விந்தை. பூங்கா நிர்வாகம் பிற்காலத்துப் பலகை வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, பழைய மரக்கட்டை வீடுகளையே காட்சிக்கு வைத்திருக்கிறது. அங்கே பல தலைமுறைகளாகத் தபாலும் பள்ளிக்கூடமும் இருந்ததை அறியாமல், முன்னோடிகள் நேற்றுத்தான் எழுந்து போனார்கள் என்றே பார்வையாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

நீங்கள் வரும்போது ஒரு வார நாளாகப் பார்த்து அங்கே போகலாம்; பதினொரு மைல் ஒருவழிச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். வருகையின் தேதி உறுதியானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்