மாற்று கார்டுகளைப் புள்ளிக் கணக்கால் மட்டும் எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடைப்பந்து அணிகளின் மாற்று கார்டுகளைப் பற்றி, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் 'கார்டு' (guard) இடத்துக்குப் பெஞ்சிலிருந்து இறங்கும் ஆட்டக்காரர்களைப் பற்றி, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே இடத்துக்குப் போட்டி போடும் இரண்டு பேரில் யாருடைய புள்ளி சராசரி அதிகமோ அவருக்கே அதிக நிமிடம் தர வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. வட அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் டொரான்டோ ராப்டர்ஸ் அணியின் 2017-18 பருவத்தை வைத்தே என் காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த அணியில் முதல் ஐவரில் ஆடும் கார்டு கைல் லோரிக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள், ஃபிரெட் வான்வ்லீட், டெலான் ரைட். வான்வ்லீட் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 நிமிடம் ஆடி 8.6 புள்ளி, 3.2 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட உதவும் பாஸ்) எடுத்தார். ரைட் 20.8 நிமிடத்தில் 8 புள்ளி, 2.9 அசிஸ்ட். கட்டுரையாளரின் அளவுகோலால் அளந்தால் இருவருக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை, காசைச் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பருவத்து ஆட்டங்களைப் பார்த்தவர்கள் யாரும் இவருக்குப் பதில் அவர் என்று மாற்றி வைத்துவிடலாம் என்று சொல்ல மாட்டார்கள், அவ்வளவு வேறுபட்ட ஆட்டக்காரர்கள் அவர்கள்.

ரைட் 2015 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 20-வதாக எடுக்கப்பட்டவர். ஆறடி ஐந்து அங்குல உயரம், நீளமான கைகள். பாஸ் போகும் பாதையைக் கணித்துக் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவார், எதிரணியில் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டை மட்டுமல்ல, தேவைப்பட்டால் அவரைவிடப் பெரிய ஆளையும் மறிக்க நிறுத்தலாம். வேகத்தைக் கூட்டிக் குறைத்துக் கூடைக்குள் நுழைவதில் கெட்டிக்காரர். குறை என்று பார்த்தால் தூரத்திலிருந்து எறியத் தயங்குவார். மூன்று புள்ளி எறிவில் 36.6 சதவீதம் என்பது மோசமே இல்லை, ஆனால் தயங்குகிற ஆளை எதிரணி கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு உள்ளே கூட்டம் போட்டுவிடும், அப்போது அவரோடு ஆடும் மற்ற நாலு பேருக்கும் இடம் குறைந்துவிடும். இந்த நஷ்டம் அவருடைய புள்ளி சராசரியில் எங்கேயும் தெரியாது.

வான்வ்லீட் கதையே வேறு. 2016 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. உயரமும் கிட்டத்தட்ட ஆறடிதான். ஆனால் மூன்று புள்ளி எறிவில் 41.4 சதவீதம், அதுவும் தயங்காமல் எறிவார், அதனால் பந்து கையில் இல்லாதபோதும் ஒரு ஆள் அவரை ஒட்டியே நின்றாக வேண்டும். லோரி ஓய்வெடுக்கும்போது அவர் இடத்தில் ஆட்டத்தை நடத்தவும் முடியும், லோரி உள்ளே இருக்கும்போது பக்கத்தில் நின்று எறியவும் முடியும். என்னைக் கேட்டால் ஒரு மாற்று கார்டுக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பயிற்சியாளர் டுவேன் கேசி அவரைத் திரும்பத் திரும்ப லோரியோடு சேர்த்து நிறுத்தியதும் இதனால்தான்.

நிமிடக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், இரண்டு கார்டு இடத்துக்கும் சேர்த்து 96. முதல் ஐவரின் இரண்டு கார்டுகளான லோரியும் டிமார் டிரோசனும் அதில் ஏறக்குறைய 66 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் 30. ஆனால் நம்முடைய இரண்டு பேரின் சராசரியைக் கூட்டினால் 40 தாண்டுகிறது! முதல் ஐவரில் யாராவது ஆடாத நாட்கள் இதில் உண்டுதான், ஆனாலும் முக்கிய காரணம் கேசி பல நேரம் மூன்று கார்டுகளை ஒன்றாக இறக்கியது, ரைட்டின் உயரம் அதற்கு இடம் கொடுத்தது. அதனால் ஒருவருக்கு நிமிடம் கொடுத்தால் இன்னொருவரிடமிருந்து பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணமே பாதி தப்பு. இவர்கள் இருவரோடு சி.ஜே. மைல்ஸ், பாஸ்கல் சியாகம், யாகோப் பர்ட்டில் சேர்ந்த அந்த ஐவர் இறங்கினால் முன்னிலை குறையும் என்ற பயமே போய்விட்டது, பல நாள் கூடவே செய்தது. அந்தப் பருவத்தில் அணி 59 ஆட்டங்களை வென்றதில் இந்தப் பெஞ்சுக்கு, அதாவது மாற்று ஆட்டக்காரர்களுக்கு, பெரும் பங்கு உண்டு.

அப்புறம் காயம். நிமிடப் போட்டியைப் பயிற்சியாளர் தீர்ப்பதற்குள் காயம் தீர்த்துவிடுவது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. நவம்பரில் ரைட்டுக்குத் தோள்பட்டை விலகியது, வான்வ்லீட்டுக்கு வாய்ப்பு கூடியது. வழக்கமான ஆட்டங்களின் கடைசி நாளில் வான்வ்லீட்டின் தோளில் அடிபட்டது, அடுத்து வந்த பிளேஆஃப் (நாக்-அவுட்) தொடர்களில் வாஷிங்டனுக்கு எதிரான முதல் சுற்றில் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் இல்லை. முதல் ஆட்டத்தில் ரைட் பெஞ்சிலிருந்து வந்து 18 புள்ளி எடுத்தார். அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால் நம் கட்டுரையாளர் ரைட்தான் சிறந்தவர் என்று எழுதியிருப்பார். ஆனால் தொடர் நீண்டபோது பெஞ்ச் ஐவரின் பழைய ஓட்டம் காணாமல் போனது. ஆறாவது ஆட்டத்தில் வான்வ்லீட் திரும்பினார், ராப்டர்ஸ் வென்று தொடரும் அன்றோடு முடிந்தது.

இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வான்வ்லீட்டைத்தான் சொல்வேன், ராப்டர்ஸும் அதைத்தான் செய்தது. 2019 பிப்ரவரியில் மார்க் கசோலை வாங்குவதற்காக ரைட்டை மெம்பிஸுக்கு அனுப்பினார்கள். அந்த ஜூனில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வான்வ்லீட் 22 புள்ளி எடுத்தார், அதில் 12 கடைசிக் குவார்ட்டரில். அந்த எண்களைவிட எதிரணி நட்சத்திரம் ஸ்டெஃபன் கர்ரியை அந்தத் தொடர் முழுக்க அவர் விடாமல் துரத்தியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரைட்டும் சோடை போகவில்லை. மெம்பிஸில் நிமிடம் கூடியதும் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டங்களில் டிரிபிள் டபுள்கள் (புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் போன்ற மூன்று கணக்கில் பத்தோ அதற்கு மேலோ) எடுத்துக் காட்டினார். எட்டுப் புள்ளி ஆட்டக்காரர் என்று அவரை ஒதுக்கியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? முதல் ஐவர் வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்தாறு நிமிடத்தில் முன்னிலை என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். ஒருவர் களத்தில் இருக்கும்போது அவர் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்தால் வரும் பிளஸ்-மைனஸ் அதைத்தான் காட்டுகிறது. ஒரு ஆட்டத்து பிளஸ்-மைனஸை வைத்து யாரையும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, கூட ஆடிய நாலு பேரைப் பொறுத்து அது ஏறும் இறங்கும், இருபது முப்பது ஆட்டம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும். பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார் என்பதும் வேண்டும். பத்து நிமிடமே ஆடும் ஒருவர் மூன்று முறை பந்தை விட்டால் அணிக்கு அது பெரிய அடி, அவர் எட்டுப் புள்ளி எடுத்திருந்தாலும் சரி.

உங்கள் பத்திரிகையில் என்.பி.ஏ. முடிவுகள் வரும்போது பெஞ்ச் ஆட்டக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி மட்டுமே இருக்கிறது. ஆடிய நிமிடம், டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கை), பிளஸ்-மைனஸ் இந்த மூன்றையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். அதற்கு இடம் இல்லை என்றால் புள்ளியை எடுத்துவிட்டு நிமிடத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பக்கத்தை முதலில் திறக்கும் ஒரு வாசகர்