செவீயாவில் உச்சிவெயில் இரண்டரை மணிக்கு: பயணத் திட்டம் போட்டுத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

குடும்பங்களுக்கு ஸ்பெயின் சுற்றுலாத் திட்டம் போட்டுத் தரும் பயண முகவர்களுக்கு,

வணக்கம்.

தென் ஸ்பெயினில் உள்ள செவீயாவுக்கு (Seville) ஒதுக்கும் ஒரு நாள் பல திட்டத் தாள்களிலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. காலை 10 மணிக்குப் பேராலயம், 1 மணிக்குச் சாப்பாடு, 3 மணிக்குப் பிளாசா தே எஸ்பான்யா சதுக்கம், 5 மணிக்கு அல்காசர் அரண்மனை, 7 மணிக்கு இரவுச் சாப்பாடு. பாட்டி தாத்தா, பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தை என்று ஆறேழு பேர் உள்ள குடும்பத்தைக் கோடையில் இந்த வரிசையில் நடத்தினால், பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் சுருண்டுவிடுவார். தேர்ந்தெடுத்த இடங்களில் குறையே இல்லை. நேரம்தான் தப்பு. அதை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் கடிகாரம். ஸ்பெயின் 1940 முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தில், அதாவது கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னே, இருக்கிறது. செவீயாவோ கிரீன்விச்சுக்கும் மேற்கே, ஏறக்குறைய 6 பாகை தள்ளி இருக்கும் ஊர். கோடையில் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். இதனால் ஜூன், ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 2.25, 2.30 வாக்கில்தான். சென்னையில் அது 12 மணியை ஒட்டி நடந்துவிடும். ஆக, தாளில் ‘3 மணி’ என்று நீங்கள் எழுதுவது நம் ஊர்க் கணக்கில் நட்டநடுப் பகல். வெப்பம் உச்சத்தைத் தொடுவது அதற்கும் பின்னால், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில். ‘5 மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும்’ என்ற நம் பழக்கக் கணக்கு அங்கே செல்லாது.

வெயிலின் குணமும் வேறு. ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சராசரியாக 36 டிகிரி. 40 தாண்டும் நாள்களும் சாதாரணம். வெப்ப அலைக்கே பெயர் சூட்டும் வழக்கத்தை 2022இல் தொடங்கிய ஊர் அது. முதல் பெயர் ‘சோயே’. சென்னையில் வியர்வை வழிந்து சட்டை நனையும், உடம்பு நம்மை எச்சரிக்கும். செவீயாவின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடும். பிள்ளைகள் வியர்க்கவே இல்லை என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் குடிக்க வைக்கவேண்டும் என்று தாளிலேயே எழுதுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. ஆளுக்கொரு புட்டி கையில் இருந்தால் போதும்.

இனி வரிசை. அல்காசர் காலை 9.30க்குத் திறக்கிறது. முதல் நேரச் சீட்டையே வாங்குங்கள். சூரியக் கணக்கில் அப்போது காலை ஏழு. சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். வாசலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவர் பெயரில் ஆறு சீட்டு வாங்கிவைத்தால் சிக்கல். சிறு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அவர்களுக்கும் சீட்டு எடுக்கவேண்டும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். உள்ளே போனதும் சுற்றி நிற்காமல் நேரே பேத்ரோ மன்னரின் அரண்மனைக்குள் போய்விடச் சொல்லுங்கள். 1360களில் முதேகர் பாணியில், அதாவது இஸ்லாமியக் கலைமரபைத் தழுவி, எழுந்த கட்டடம் அது. கன்னியர் முற்றத்தில் சுண்ண வேலைப்பாட்டையும் சுவரடி ஓடுகளையும் கூட்டமில்லாமல் பார்க்க முதல் ஒரு மணி நேரம்தான் வாய்க்கும். தோட்டத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மயில்கள், செடிவேலிப் புதிர்வழி, மண்ணுக்கடியில் நீண்டு கிடக்கும் பேத்ரோவின் காதலி மரியா தே பாதியாவின் குளியல் கூடம் என்று பிள்ளைகளுக்குரியதெல்லாம் அந்தப் பக்கம்தான். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைத்து எழுதாதீர்கள்.

நகரமெங்கும் ஆரஞ்சு மரங்கள் இருக்கின்றன. பழம் நம் நாரத்தை மாதிரி புளிப்பும் கசப்புமானது. பிள்ளைகள் பறித்துக் கடித்துவிட்டு அழாமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

வெளியே வந்தால் சாந்தா குரூஸ் பகுதியின் சந்துகள். இரண்டு பேர் கை நீட்டினால் சுவர் தட்டும் அளவுக்குக் குறுகல். அந்தக் குறுகல்தான் நிழல் தருகிறது. சின்னச் சக்கரக் குழந்தை வண்டி கல் பாவிய தரையில் மாட்டி மாட்டி நிற்கும். பெரிய சக்கர வண்டியோ, இடுப்பில் கட்டும் தாங்கியோ கொண்டுபோகச் சொல்லுங்கள். பேராலயத்தைச் சுற்றி ரோஸ்மேரிக் கொத்தை நீட்டும் பெண்கள் நிற்பார்கள். வாங்கினால் கைரேகை பார்த்துப் பணம் கேட்பார்கள். கையை நீட்டாமல் நடந்துவிட்டால் போதும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நேர்வது இதில்தான். பெரும்பாலான உணவகங்களின் அடுப்பு மதியம் 1 அல்லது 1.30க்குப் பற்றும், 4 மணிக்கு அணையும். மறுபடி பற்ற இரவு 8 அல்லது 8.30 ஆகும். நீங்கள் எழுதும் 7 மணி இரவுச் சாப்பாட்டுக்குக் குடும்பம் போய் நின்றால் நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கும். 1.30க்கே மதியச் சாப்பாட்டை வையுங்கள். உள்ளூர்க் கூட்டம் வருவது 2.30க்குப் பிறகு. மாலை ஆறு மணிப் பசிக்குச் சுரோ போன்ற பலகாரம் உண்டு. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, எண்ணெயில் பொரித்தது. அவ்வளவுதான்.

சைவர்களுக்கு ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதாது. அங்கே பலருக்கும் ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, ‘இறைச்சி’ என்ற சொல்லுக்குள் வராது. சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாந்து கிண்ணத்தில் வரும்போது பார்க்கப் பளபளவென்று செம்மஞ்சளாக இருக்கும். மேலே நறுக்கிய அவித்த முட்டை, அதன் நடுவில் சிவப்பாகப் பொடிப்பொடியாக ஹமோன். மிளகாய்த் துண்டு என்று நினைத்துக் கரண்டியால் அள்ளிவிடுவார்கள். ‘சின் ஹமோன்’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். ‘வெஹேதால்’ என்று பெயரிட்ட சாண்ட்விச்சில் சூரை மீன் இருப்பது வழக்கம். அதற்கு ‘சின் அதூன்’. நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போவது எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ்: பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டும் சீரகமும் போட்டுக் கெட்டியாக வதக்கியது. இந்த ஊரின் பழைய பண்டம் அது. கத்திரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றியதும் நன்றாக இருக்கும். ஆறு பேருக்கு ஆளுக்கொரு தட்டு சொல்லாமல், அரைத்தட்டாக நான்கைந்து வகை வாங்கிப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். ‘மேதியா ரசியோன்’ என்றால் அரைத்தட்டு.

3 மணிக்குமேல் பேராலயம். தடித்த கல், உள்ளே வெளிச்சம் குறைவு, குளிர்ச்சி அதிகம். ஹிரால்டா கோபுரமும் அதே சீட்டில்தான். 1198இல் முடிந்த பள்ளிவாசல் மினாரா அது; மணிக்கூண்டை 16ஆம் நூற்றாண்டில் மேலே ஏற்றினார்கள். சுமார் 100 மீட்டர் உயரம் என்று கேட்டதும் முதியவர்கள் கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: உள்ளே படிக்கட்டு இல்லை. பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப் போகட்டும் என்று கட்டியதாகச் சொல்லப்படும் சாய்தளம்தான், மொத்தம் 35 சாய்வுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் எண் இருக்கும், ஆங்காங்கே ஜன்னல் இருக்கும். எண்ணிக்கொண்டே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பாட்டி ஜன்னலுக்கு ஜன்னல் நின்று நின்று வரலாம். கடைசியில் மட்டும் பதினேழு படி. மேலே மணிகள் தலைக்குமேல் தொங்குவதால் அடிக்கும்போது கைக்குழந்தை திடுக்கிடும்; காதைப் பொத்தத் தயாராக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டு நேரம், பார்வையாளர்களுக்குப் பிற்பகலில்தான் கதவு திறக்கும். அன்று மதியத்துக்கு முன் பேராலயம் என்று எழுதாதீர்கள்.

5 முதல் 7.30 வரை தாளை வெறுமையாக விடுங்கள். விடுதிக்குப் போய்ப் படுக்கட்டும். ‘காசு கொடுத்து வந்துவிட்டுத் தூங்குவதா’ என்று வாடிக்கையாளர் கேட்பார். அந்த ஊர்க்காரர்களே அந்த நேரத்தில் தெருவில் இல்லை என்று சொல்லுங்கள்.

8 மணிக்குப் பிளாசா தே எஸ்பான்யா. 1929 கண்காட்சிக்காக அனிபால் கொன்சாலேஸ் வடிவமைத்த அரைவட்டக் கட்டடம். நடுவே கால்வாய், நான்கு பாலங்கள், மாகாணத்துக்கு ஒன்றாக ஓட்டுச் சித்திர இருக்கைகள். நுழைவுக் கட்டணம் இல்லை. மேற்குப் பக்கம் திறந்திருப்பதால் பிற்பகல் முழுக்க வெயில் நேரே உள்ளே அடிக்கும், ஓட்டு இருக்கையில் கைவைக்க முடியாது. அந்தியில் அதே வெயில் சாய்ந்து செங்கல்லைப் பொன்னாக்கும். ஜூன் இறுதியில் சூரியன் மறைய 9.45 ஆகிவிடும் என்பதால் அவசரமே இல்லை. இருக்கைகள் அகரவரிசையில் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளிடம் தலைநகர் ‘மாத்ரித்’ (Madrid) எங்கே என்று தேடச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு உட்கார அரை மணி நேரம் கிடைக்கும். பேராலயப் பக்கத்திலிருந்து நடக்க முடியாதவர்கள் டிராமில் ஏறிப் பிராதோ தே சான் செபாஸ்தியான் நிறுத்தத்தில் இறங்கலாம்.

மாத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்தானே, காலையில் போய் இரவே திரும்பலாம் என்று பலர் விற்கிறீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தாராளமாக விற்கலாம். வெயில் இதமாக இருக்கும், டிசம்பரில் 6 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். கோடையில் வேண்டாம். நாளின் நல்ல பாதி இரவு 8 மணிக்குப் பிறகு தொடங்குகிறது, அப்போது உங்கள் குடும்பம் ரயில் நிலையத்தில் பைகளைச் சோதனைக்கு வைத்துக்கொண்டு நிற்கும். ஓர் இரவுத் தங்கலைச் சேர்த்து விலை சொல்லுங்கள்.

அடுத்த கோடைக்கான தாள்களை அச்சுக்குக் கொடுக்கும்முன் இந்த நேரங்களை மாற்றிவிடுங்கள். ‘சின் ஹமோன்’, ‘சின் அதூன்’ இரண்டையும் தமிழ் எழுத்தில் தாளின் மேலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
தென் ஸ்பெயின் வழித்தடம் அறிந்த பயண வழிகாட்டிகள்